பத்து ராகம், ஒரு டிஸ்கோ தாளம்: சரண்ஜித் சிங்கை யார் கேட்டது?

சில ஆல்பங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், பாட்டைப் பற்றி எழுதுவதைவிட அதைப் பற்றி மற்றவர்கள் பேசிய பேச்சைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. சரண்ஜித் சிங்கின் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' அந்த ரகம். 1982ல் பம்பாயில் பதிவானது. வெளியிட்டது எச்.எம்.வி. பத்து ராகம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நிமிஷம், பாடகர் கிடையாது, தபலா கிடையாது. மூன்று ரோலண்ட் மெஷின்களும் ஒரு மனுஷனும் மட்டும். விற்கவில்லை. அதோடு கதை முடிந்திருக்க வேண்டியது.

2002ல் எடோ பௌமன் என்கிற டச்சு ரெக்கார்டு சேகரிப்பாளர் டெல்லியில் ஒரு கடையில் இந்த இசைத்தட்டைக் கண்டெடுத்தார். பழைய இந்தி சினிமா இசையைத் தேடித் திரிந்தவர் அவர். வீட்டுக்குப் போய்ப் போட்டுக் கேட்டவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு சரண்ஜித் சிங்கை மும்பையில் தேடிப் பிடித்தார். தன்னுடைய 'பாம்பே கனெக்‌ஷன்' லேபிளில் 2010ல் மறுபதிப்பு கொண்டுவந்தார். அதன்பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். ஐரோப்பிய, அமெரிக்க இசை விமர்சகர்கள் கிட்டத்தட்ட ஒரே குரலில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: சிகாகோவில் பிறந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருந்த ஆசிட் ஹவுஸ் இசையை ஐந்து வருஷம் முன்னாடியே பம்பாயில் ஒரு சர்தார்ஜி செய்து வைத்திருக்கிறார். 2011ல் கார்டியன் நாளிதழ் அவரைச் சந்தித்து எழுதிய கட்டுரையின் தலைப்பே, அவர் தவறுதலாக ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்துவிட்டார் என்கிற பாணியில் இருந்தது. இதற்கு நேர் எதிராக, இது இந்தக் காலத்து ஆள் யாரோ செய்த மோசடி என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. அஃபெக்ஸ் ட்வின் மாதிரி குறும்புக்காரர் யாராவது புதுசா பண்ணி, பழைய அட்டை போட்டு விட்டிருப்பார் என்று சந்தேகப்பட்டார்கள்.

பாராட்டு, சந்தேகம் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்பு என்று எனக்குப் படுகிறது. 1982ல் பம்பாயில் இது நடந்திருக்க வாய்ப்பில்லை. நடந்திருந்தால் அதிசயம், இல்லாவிட்டால் ஏமாற்று. சாதாரணமாக, ஒரு வேலை தெரிந்த கலைஞர் புது மெஷின் வாங்கி யோசித்துச் செய்தார் என்கிற மூன்றாவது வாய்ப்பு யாருக்கும் ருசிக்கவில்லை.

ஆசிட் ஹவுஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. சிகாகோவில் ஃப்யூச்சர் என்று ஒரு குழு. டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே என்று மூன்று இளைஞர்கள். அவர்கள் கைக்கு ரோலண்ட் டிபி-303 என்கிற மெஷின் வந்தது. அதன் திருகுகளைத் தாளம் ஓட ஓடத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். கீச்சு மூச்சென்று நெளிகிற ஒரு சத்தம் வந்தது. 1987ல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற பெயரில் அது வெளிவந்தது. பன்னிரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். மெலடி என்று ஒன்று கிடையாது. சத்தத்தின் நெளிவுதான் பாட்டு. அங்கிருந்து இங்கிலாந்து போய் ஒரு தலைமுறையையே ஆட வைத்தது.

அந்த 303 தான் சரண்ஜித் சிங் இசைத்தட்டிலும் இருக்கிறது. கூடவே டிஆர்-808 தாள மெஷின், ஜுபிடர்-8 சிந்தசைசர். விமர்சகர்களுக்கு இந்தப் பட்டியலே போதுமானதாக இருந்தது. அதே 303, அதே மாதிரி நெளியும் பேஸ், அதே நேர்கோட்டு நாலு தட்டு. சமன்பாடு முடிந்தது. நான் தொழிலால் சாஃப்ட்வேர் ஆள். ஒரே லைப்ரரியைப் பயன்படுத்திய இரண்டு புரோகிராம்களை ஒரே புரோகிராம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கை அரிக்கும். அதனால் கொஞ்சம் மெஷினைத் திறந்து பார்ப்போம்.

303ஐ ரோலண்ட் யாருக்காகச் செய்தது தெரியுமா? தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரர்களுக்காக. பேஸ் வாசிக்க ஆள் இல்லாதபோது பெட்டியில் பதினாறு படிகளாக ஸ்வரங்களை ஏற்றிவிட்டால் அது பாட்டுக்குப் பின்னால் பேஸ் வாசித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு படிக்கும் என்ன ஸ்வரம், அழுத்தம் உண்டா, அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகணுமா என்று சொல்லலாம். உண்மையான பேஸ் கிட்டார் மாதிரி கொஞ்சம்கூட ஒலிக்காததால் சந்தையில் தோற்றது. 1984ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதனால் பழைய மெஷின்கள் மலிவு விலைக்குக் கிடைத்தன. சிகாகோ பையன்கள் கைக்குப் போனது அப்படித்தான்.

இப்போது சரண்ஜித் சிங் யார் என்று பாருங்கள். அறுபதுகளிலிருந்து பம்பாய் சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தவர். சங்கர்-ஜெய்கிஷன், எஸ்.டி. பர்மன், ஆர்.டி. பர்மன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் என்று எல்லோரிடமும் வேலை செய்தவர். ரோலண்ட் கம்பெனி மனதில் வைத்திருந்த வாடிக்கையாளர் இவர்தான்! புதுசாக வந்த மெஷினை, கிட்டத்தட்ட மேனுவலில் போட்டிருக்கிறபடியே, பின்னணிக்கு பேஸ் வாசிக்க வைத்து, மேலே தான் ஜுபிடரில் மெலடி வாசித்தார். சிகாகோக்காரர்கள் செய்தது அதற்கு நேர் எதிர். மேனுவலே இல்லாமல், செய்யக்கூடாத விதத்தில் திருகியதில் அவர்களுக்குப் பாட்டு கிடைத்தது. பம்பாய் தட்டிலும் அங்கங்கே திருகல் கேட்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது ஓரத்தில் இருக்கிறது. நடுவில் இருப்பது ராகம். ஆசிட் டிராக்ஸிலிருந்து 303ஐ எடுத்துவிட்டால் வெறும் தாளம்தான் மிஞ்சும். சரண்ஜித் சிங்கிலிருந்து 303ஐ எடுத்துவிட்டாலும் மோகனம் மோகனமாகத்தான் இருக்கும்.

முதலில் 303ஐத் தட்டில் கொண்டுவந்தவர் என்று சொல்லலாமா? அதுவும் தனித்த பெருமை இல்லை. அதே காலத்தில் இங்கிலாந்தின் சிந்த்-பாப் குழு ஹெவன் 17, 'லெட் மீ கோ' பாட்டில் 303ஐப் பயன்படுத்தியது. 1983ல் ஸ்காட்லாந்தின் ஆரஞ்சு ஜூஸ் குழு 'ரிப் இட் அப்' என்ற பாட்டில் அதே மெஷினோடு பிரிட்டிஷ் டாப் டென்னுக்குள் போனது. அவர்களை யாரும் ஆசிட் ஹவுஸின் தந்தை என்று கூப்பிடவில்லை. ஏனென்றால் அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது, ஒரு வகைமை, ஒரு வரிசை. சரண்ஜித் சிங்குக்குப் போய் உட்கார மேலை விமர்சனத்தில் வீடு இல்லை. அதனால் பக்கத்தில் காலியாக இருந்த வீட்டின் கதவைத் திறந்து உள்ளே தள்ளிவிட்டார்கள்.

அவருடைய நிஜமான வீடு எது? 1980ல் 'குர்பானி', 1981ல் நாஜியா ஹசனின் 'டிஸ்கோ தீவானே', 1982 கடைசியில் 'டிஸ்கோ டான்சர்'. வடக்கே டிஸ்கோ என்றால் அப்படி ஒரு காய்ச்சல். நம் பக்கமும் தப்பவில்லை. 'டிஸ்கோ டான்சர்' தமிழில் ஆனந்த் பாபுவை வைத்து 'பாடும் வானம்பாடி' ஆனது. சினிமாவில் எங்கு பார்த்தாலும் டிஸ்கோ, அதை வைத்தே வேறு ஏதாவது செய்யலாமே, ராகங்களை எடுத்து டிஸ்கோ தாளத்தில் போட்டு தபலாவை நிறுத்திவிட்டால் என்ன என்று யோசித்ததாக சரண்ஜித் சிங்கே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எதிர்காலத்தைக் கண்டதாக எங்கும் அவர் சொல்லவில்லை. ஆசிட் ஹவுஸ் என்ற பெயரே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தன் காலத்தின் மிகப் பிரபலமான மோஸ்தரை எடுத்து, தனக்குத் தெரிந்த மிகப் பழைய விஷயத்தோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்.

அப்புறம் ஏன் விற்கவில்லை? இதற்கு விமர்சகர்கள் தரும் பதில், 'காலத்துக்கு முந்தியது'. எனக்கு இந்தச் சொற்றொடர் மேல் மரியாதை கிடையாது. கடைக்காரர் பார்வையில் யோசித்தால் இன்னும் எளிய காரணங்கள் கிடைக்கும். ராகம் கேட்பவருக்கு இது கச்சேரி இல்லை. டிஸ்கோவுக்கு ஆடுபவருக்கு இதில் பாட்டு இல்லை, படம் இல்லை, நடிகர் முகம் இல்லை. எந்த அலமாரியில் வைப்பது? தவிர, அந்த வருஷங்களில்தான் நாட்டில் கேசட் வெள்ளம் புரண்டது. பீட்டர் மானுவல் எழுதிய 'கேசட் கல்ச்சர்' என்ற புத்தகத்தை (1993ல் வந்தது) படித்தவர்களுக்குத் தெரியும், எல்.பி. தட்டு என்பது வசதியான வீட்டுப் பொருளாக இருந்து, கேசட் வந்தபிறகு எப்படி ஓரங்கட்டப்பட்டது என்று. சினிமா இல்லாத ஒரு வாத்திய இசைத்தட்டுக்கு அந்த நேரத்தில் என்ன கதி கிடைக்குமோ அதுதான் கிடைத்தது.

சரி, தட்டு எப்படி? அதைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

தமிழ்க் காதுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பெயர்கள் வடக்கே இருந்தாலும் ஆட்கள் நமக்குத் தெரிந்தவர்கள். பூபாலி நம்ம மோகனம். யமன் கல்யாணி. மால்கௌன்ஸ் ஹிந்தோளம், 'சலங்கை ஒலி' பார்த்த யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. கலாவதி வலஜி. பைராகி ரேவதி. இந்துஸ்தானி தோடியைக் கேட்டு நம் தோடியை எதிர்பார்க்கக்கூடாது, அது சுபபந்துவராளி. மதுவந்தி தர்மவதிக்குச் சொந்தம். மேக் மல்ஹாருக்கு மத்யமாவதி பக்கத்து வீடு. லலித்துக்கு மட்டும் நம்மிடம் நேர் ஜோடி இல்லை. இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து வரும், பஞ்சமம் வராது, விடியலுக்குமுன் ஒரு மாதிரி கலங்கலான நேரத்து ராகம்.

அந்த லலித்தான் இந்தத் தட்டின் உச்சம் என்பது என் கட்சி. இரண்டு மத்யமங்களும் ஒட்டி உரசும் இடத்தில் சிந்தசைசரின் இரும்புத்தனம் உதவிக்கு வருகிறது. மனுஷக் குரலில் அந்த இடம் ஏக்கமாகக் கேட்கும். இங்கே விளக்கு மினுக்கி மினுக்கி எரிவது போல, எதுவோ சரியில்லாதது போலக் கேட்கிறது. கீழே தாளம் கவலையே படாமல் ஓடுகிறது. பைராகியும் அப்படித்தான். ஐந்தே ஸ்வரம், காந்தாரமும் தைவதமும் இல்லாத அந்தக் காலி இடங்களில் 303 புகுந்து விளையாட இடம் கிடைக்கிறது.

பூபாலி எனக்கு ஏமாற்றம். மோகனம் மாதிரி எங்கேயும் எடுபடுகிற ராகத்தை இப்படி ஏறி இறங்கி வாசித்தால் பள்ளிக்கூட ஆண்டு விழா கீபோர்டு மாதிரிதான் ஆகிவிடுகிறது. யமனும் ஏறத்தாழ அதே. கல்யாணியின் கம்பீரமே ஸ்வரங்களுக்கு நடுவில் தங்கித் தங்கிப் போவதில் இருக்கிறது. இங்கே தங்க நேரமில்லை, பஸ் கிளம்பிவிட்டது.

இதில் ஒரு தொழில்நுட்ப விஷயம் இருக்கிறது. 303ல் 'ஸ்லைடு' என்று ஒன்று சொன்னேனே, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்குவது. முதல் தடவை கேட்கும்போது 'அட, மீண்டு!' என்று தோன்றும். விமர்சகர்கள் சிலர் இதைத்தான் ராகமும் மெஷினும் சந்திக்கும் இடமாகப் பார்த்தார்கள். ஆனால் 303ன் வழுக்கல் எப்போதும் ஒரே நேர அளவுதான். பக்கத்து ஸ்வரத்துக்குப் போனாலும், எட்டு ஸ்வரம் தாண்டிப் போனாலும், அதே கண நேரம். கமகம் என்பது அந்த நேரத்தை மாற்றி மாற்றி வைப்பதில்தான் இருக்கிறது. எங்கே இழுக்கணும், எங்கே பட்டென்று விடணும், எங்கே பாதி வழியில் நின்று யோசிக்கணும் என்பதில் இருக்கிறது. அந்தத் தகவலை ஏற்ற 303ல் இடமே இல்லை. ஜுபிடரில் அவர் கையால் வாசிக்கும் இடங்களில் கொஞ்சம் தேறுகிறது, அனுபவப்பட்ட விரல் தெரிகிறது. ஆனாலும் ராகத்தை அளந்து பார்த்தால் இது எலும்புக்கூடு. சதை இல்லை.

இந்த இடத்தில்தான் நம்ம ஊர் விமர்சகர்கள் ஏன் பேசவே இல்லை என்கிற கேள்வி வருகிறது. மேலை விமர்சகர் ஆசிட் ஹவுஸை மட்டும் கேட்டார், ராகம் அவருக்கு அலங்காரம், ஒரு வாசனை. சாஸ்திரிய சங்கீதம் தெரிந்தவர் இதை எடுத்துப் போட்டிருந்தால் எலும்புக்கூட்டை மட்டும் கேட்டிருப்பார். இரண்டு காதையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு கேட்ட விமர்சனம் தேடினால் கிடைப்பது குறைவு.

அதனால் நானே கொஞ்சம் பேருக்குப் போட்டுக் காட்டினேன். இதை ஆய்வு என்று சொல்லமாட்டேன். செல்போனும் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரும், அவ்வளவுதான்.

பென்னாகரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு நாதஸ்வரக்காரர் இருக்கிறார், அறுபது வயது தாண்டியவர். மால்கௌன்ஸைப் போட்டேன். நாலு செகண்டில் "ஹிந்தோளம்" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு முழுசும் கேட்டார். முடிந்ததும், "தம்பி, இவன் ராகத்த தொடவே இல்ல. ஆனா தப்பாவும் தொடல" என்றார். நான் படித்த எந்த விமர்சனத்திலும் இவ்வளவு துல்லியமாக ஒரு வரி இல்லை. கொஞ்சநேரம் கழித்து அவரே, "கல்யாண ஊர்வலத்துல செண்டைக்கு நடுவுல வாசிக்கச் சொல்றானுங்களே, அதுக்கு இது எவ்வளவோ தேவல. இதுல ஸ்வரமாவது காதுல விழுது" என்றார். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கும் கோவில் விசேஷத்துக்கும் பம்பை செட்டும் நையாண்டி மேளமும் கூப்பிடுவது குறைந்து, கேரளாவிலிருந்து செண்டை மேளம் வரவழைப்பது கௌரவமாகிவிட்டது. அவருடைய கோபம் அங்கே இருக்கிறது. சரண்ஜித் சிங் மேல் இல்லை.

அடுத்து, அரூர் பக்கம் மெல்லிசைக் குழுவில் ரொம்ப வருஷம் கீபோர்டு வாசித்த ஒரு அண்ணன். இவருக்கு ராகம் எல்லாம் இரண்டாம் பட்சம். "இது எந்த வருஷம்?" என்றார். 1982 என்றதும் நம்பவில்லை. மெஷின் பெயர்களைச் சொன்னதும் எழுந்தே உட்கார்ந்தார். மிடி வருவதற்கு முன்னால், அது வந்தது 1983ல், இத்தனை மெஷினையும் ஒன்றாக ஓட வைப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று அவருக்குத் தெரியும். "808ஐயும் 303ஐயும் ஒரு ஒயர்ல கட்டிடலாம். ஜுபிடர கட்டி மேய்க்கிறதுதான் கஷ்டம். கைல வாசிச்சிருக்கான், சும்மா இல்லண்ணே" என்றார். என்னைவிட மூத்தவர்தான், இருந்தாலும் எல்லோரையும் அண்ணே என்று கூப்பிடுவது அவர் வழக்கம். கடைசியில் சொன்னது வேறு விஷயம். அவர்கள் குழுவில் முதன்முதலாக ரிதம் மெஷின் வாங்கிய வருஷம், தபலாக்காரரையும் டிரம்ஸ்காரரையும் எப்படி விட்டார்கள் என்று சொன்னார். சம்பளம் மிச்சம், வேனில் இடம் மிச்சம். தபலாக்காரர் பிறகு டெம்போ ஓட்டப் போய்விட்டாராம்.

தபலாவை நிறுத்திவிட்டால் என்ன என்று சரண்ஜித் சிங் சொன்னதை உலக விமர்சகர்கள் ஒரு துணிச்சலான அழகியல் முடிவாகக் கொண்டாடினார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அரூர் அண்ணன் பேசும் வரை. ஒரு ஸ்டூடியோவில் அது ஒரு பரிசோதனை. அதே யோசனை ஊர் ஊராகப் போனபோது சிலருடைய சாப்பாட்டுப் பிரச்சினை ஆயிற்று. இதற்காக சரண்ஜித் சிங்கைக் குற்றம் சொல்வது அபத்தம், அவருடைய தட்டை யாருமே வாங்கவில்லை! ஆனால் இந்த ஆல்பத்தைப் பேசும்போது தபலாக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத விமர்சனம் பாதி விமர்சனம்தான். அதுவும் அவரே ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்து கூலிக்கு வாசித்த ஆள் என்கிறபோது.

மூன்றாவதாக, காலேஜ் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர். அவர்களுக்கு இதில் அதிசயமே இல்லை. "ரீல்ஸ்ல வர்ற மாதிரி இருக்கு அங்கிள்" என்றார்கள். 1982ல் அந்நியமாக இருந்தது, 2010ல் அதிசயமாக இருந்தது, இப்போது பழக்கமாகிவிட்டது.

இங்கே தமிழ்ப்பக்கம் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம். மின்னணு இசை நமக்கு எப்போது வந்தது என்று கேட்டால் பலரும் சொல்வது 1986. அந்த வருஷம் இளையராஜா இசையில் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' இரண்டும் வந்தன. கம்ப்யூட்டர் இசை என்று விளம்பரப்படுத்தும் அளவுக்கு அது ஒரு செய்தி. பிறகு 1992ல் 'ரோஜா'. அப்போது நான் பள்ளிக்கூடத்தில். டீக்கடையில் பெரியவர்கள் 'கம்ப்யூட்டர் மியூசிக்' என்பதைக் கெட்ட வார்த்தை மாதிரி உச்சரித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பெருமையாக இருந்த அதே சொல். வார்த்தை மாறவில்லை, ஆள் மாறியதும் தொனி மாறியது. வரவேற்பு வரலாறு எழுதுகிறவர்கள் இந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டே நல்ல கட்டுரை எழுதலாம்.

ஆனால் 'விக்ரம்' பாடல்களை யாரும் 'கண்டுபிடிக்க' முடியாது. அவை தொலையவே இல்லை. ஊர்த் திருவிழா ரேடியோ செட்டில், பஸ்ஸில், ரெக்கார்டிங் சென்டரில் என்று ஓடிக்கொண்டே இருந்தன. தொலையாத பொருளுக்குக் கண்டெடுத்த கதை கிடையாது. கதை இல்லாவிட்டால் விமர்சகருக்கு எழுத என்ன இருக்கிறது? இங்கிலாந்தில் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்று ஒரு லேபிள், 'கண்டெடுத்தவனுக்கே சொந்தம்' என்று பொருள். பெயர் பொருத்தத்தைக் கவனியுங்கள். அவர்கள் இளையராஜாவின் 1977 முதல் 1983 வரையான பாடல்களிலிருந்து மின்னணு சத்தம் உள்ளவற்றைப் பொறுக்கி 'சொல்லச் சொல்ல' என்று ஒரு தொகுப்பு போட்டார்கள். அவர்களுக்கு அது புதையல். நமக்கு அது காலை ஏழு மணி வானொலி. ஒரே பாட்டு, ஒருவருக்கு அகழ்வாராய்ச்சி, இன்னொருவருக்குப் பல் தேய்க்கும்போது கேட்டது.

அகமதாபாத் கதையையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். 1969ல் அங்கே தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய் உள்ளிட்ட நம்மவர்கள் சிலர் அதில் பரிசோதனைகள் செய்தார்கள். அந்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் அலமாரியில் கிடந்து, பால் பர்காஸ் எடுத்துத் தொகுத்து 2023ல்தான் வெளியே வந்தன. ஆக, 1982ம்கூட ஆரம்பம் இல்லை. முதல் என்ற சொல்லை அழித்துவிட்டு எழுத ஆரம்பித்தால் எல்லாக் கதையும் இன்னும் சுவாரசியமாகத்தான் இருக்கிறது.

சரண்ஜித் சிங் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டார்? எடோ பௌமன் தேடிப் போனபோது, தான் செய்ததிலேயே சிறந்தது இதுதான், மற்றதெல்லாம் சினிமாப் பாட்டை வாசித்தது, இது என் சொந்தக் கற்பனை என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தத் தட்டின் மிகச் சரியான விமர்சனம் அதுதான் என்று தோன்றுகிறது. இருபது வருஷத்துக்கு மேல் மற்றவர்கள் எழுதிக்கொடுத்த நோட்டேஷனை வாசித்த ஒருவர், சொந்தமாக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏதோ சொல்லியிருக்கிறார். அதைக் கேட்க ஆள் வர இருபது வருஷம் ஆயிற்று. வந்த ஆட்கள் வேறு எதையோ கேட்டார்கள். இருந்தாலும் வந்தார்கள். எழுபது வயதுக்குமேல் ஐரோப்பாவில் மேடையேறி, தன் பேரப்பிள்ளை வயதுப் பசங்கள் ஆட ஆட அதே ராகங்களை வாசித்தார். ஆசிட் ஹவுஸ் என்ற தவறான முகவரி போடாமல் இருந்திருந்தால் அந்தக் கடிதம் அவரிடம் சேர்ந்தே இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2015 ஜூலையில் இறந்தார். வயது 74.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: ஒரே மூச்சில் பத்தையும் போடாதீர்கள், நாலாவதுக்குமேல் காது மரத்துவிடும். லலித்தும் பைராகியும் முதலில். அப்புறம் மால்கௌன்ஸ். பிடித்திருந்தால் மற்றது. ஹெட்போனைவிட கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர் நல்லது, 808ன் அடி வயிற்றில் விழணும்.

இன்னொன்று. தர்மபுரி, பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் எண்பதுகளில் ரெக்கார்டிங் சென்டர் நடத்தியவர்கள் ஒரு நீளமான கணக்கு நோட்டில் என்னென்ன எல்.பி., கேசட் கடையில் இருக்கிறது என்று நம்பர் போட்டு எழுதி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் நாம் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்போம். எனக்கு இதுவரை இரண்டு நோட்டு கிடைத்திருக்கிறது. இரண்டிலும் சினிமா, பக்தி, நாடகம் தவிர கடைசிப் பக்கங்களில் 'வாத்தியம்' என்று தனித் தலைப்பு இருக்கிறது. ஒன்றில் பதினேழு தட்டு, இன்னொன்றில் ஒன்பது. சரண்ஜித் சிங் இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி நோட்டு ஏதாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்த 'வாத்தியம்' பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும்.